கடிகாரம் யார் கையில்? தூதும் ஆட்சியும் போரும் சேர்ந்த கேம்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி

சித்தி பையன் போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணா, நாலு ராஜ்யத்தோட பேச்சுவார்த்தை நடத்தணும், ஊர் ஊரா வளர்க்கணும், சண்டைன்னு வந்தா படையை நானே நிறுத்தி நானே நடத்தணும். அப்படி ஒரு கேம் சொல்லுங்க."

உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த வகை கேம்களை ஆடி வருகிறேன். மூன்றும் இருப்பதாக விளம்பரம் செய்த கேம்களில் பல எனக்கு ஏமாற்றமாகவே முடிந்தன. மூன்றும் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஒன்று இன்னொன்றைத் தொடாது. அரண்மனையில் உட்கார்ந்து செய்த உடன்படிக்கையால் போர்க்களத்தில் ஒரு வில்லாளியின் இடம்கூட மாறாது. களத்தில் உயிரைக் கொடுத்து ஜெயித்தாலும் அந்தச் செய்தி பக்கத்து நாட்டு ராஜா காதில் விழாது. அப்புறம் எதற்கு மூன்றும் ஒரே கேமில்?

அதனால் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "நீ யோசிக்கும்போது கடிகாரம் ஓடணுமா, நிக்கணுமா?"

இந்தக் கேள்விதான் இந்த வகையின் ஆணிவேர் என்று நினைக்கிறேன். பேச்சுவார்த்தைக்கு நிதானம் வேண்டும். யாருக்கு யார் மேல் பகை, எவனுக்குப் பணம் தட்டுப்பாடு, பெண் கொடுத்தால் ஒத்துக்கொள்வானா என்று ஆறப்போட்டு யோசிக்க வேண்டும். நாட்டை வளர்ப்பது இன்னும் மெதுவான வேலை. கழனி, சந்தை, கோட்டை என்று பலன் தெரியவே பல வருடம் ஆகும். போருக்கு வந்தால் எல்லாம் நொடிக் கணக்கு. குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றி வருவதை மூன்று நொடி தாமதமாகப் பார்த்தாலும் போச்சு. இந்த மூன்று வேகத்தையும் ஒரே கேமில் எப்படி அடைப்பது? ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தது. அந்த விடையில்தான் கேமுக்குக் கேம் வித்தியாசமே இருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு விடை இருந்தது. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட 'டிப்ளமசி' என்ற பலகை ஆட்டம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள். பகடையே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தனித்தனியாக ஒதுங்கிப் பேசிக்கொள்ள நேரம் தருவார்கள். பிறகு ஏழு பேரும் தங்கள் உத்தரவுகளை ரகசியமாகத் தாளில் எழுதுவார்கள். எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். சொன்னபடி செய்தானா, முதுகில் குத்தினானா என்பது அப்போதுதான் தெரியும். அந்த ஆட்டத்தில் இன்னொரு படையின் துணை இல்லாமல் எந்தப் படையும் ஒரே பலமுள்ள எதிரிப் படையை நகர்த்த முடியாது. அதனால் பேச்சு என்பது அலங்காரமாக இல்லாமல் போரின் எந்திரமாகவே அமைந்துவிட்டது. பேச்சும் போரும் இப்படி ஒட்டியிருக்கும் கணினி கேமைத்தான் நான் எப்போதும் தேடுகிறேன்.

கணினியில் இரண்டு கிளைகள் தனித்தனியே வளர்ந்தன. 1991-இல் சிட் மேயரின் 'சிவிலைசேஷன்' வந்தது. உன் முறை, என் முறை என்று மாறி மாறி ஆடுவது. 1992-இல் வந்த 'டியூன் 2' எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் ரியல் டைம் வகைக்கு வழி போட்டது. 1993-இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிச் '4எக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். தேடு, விரி, பயன்படுத்து, அழி என்ற நான்கு வேலைகளைக் குறிக்கும் சொல் அது. 1994-இல் வந்த 'லார்ட்ஸ் ஆஃப் தி ரெல்ம்' இரண்டு கிளையையும் முடிச்சுப் போட்டது: நாட்டை முறை வைத்து ஆளலாம், சண்டையை மட்டும் ஓடும் நேரத்தில் நடத்தலாம். அந்த முடிச்சைப் பெரிய அளவில் இறுக்கியது 2000-ஆம் ஆண்டு வந்த 'ஷோகன்: டோட்டல் வார்'.

டோட்டல் வார் வரிசையைத் தயாரிப்பது இங்கிலாந்தின் ஹோர்ஷம் ஊரில் இருக்கும் கிரியேட்டிவ் அசெம்பிளி. 1987-இல் தொடங்கிய நிறுவனம்; இந்த வரிசைக்கு முன்னால் விளையாட்டுப் போட்டி கேம்கள் செய்துகொண்டிருந்தார்கள். 2005-இல் சேகா வாங்கியது. இவர்கள் கண்ட விடை நேரடியானது: இரண்டு கடிகாரம். நாட்டு வரைபடத்தில் கடிகாரம் நின்றிருக்கும். நீங்கள் முறையை முடிக்கும்வரை யாரும் அசைய மாட்டார்கள். இரண்டு படைகள் மோதினால் வரைபடம் மறைந்து களம் திறக்கும். அங்கே கடிகாரம் ஓடும். பெரும்பாலான பாகங்களில் ஒரு சேனையில் 20 படைப்பிரிவு வரை சேர்க்கலாம். மேடு, காடு, ஆற்றுப் பாலம் எல்லாம் கணக்கில் வரும். களத்திலும் தனியாக ஆடும்போது நிறுத்திவைத்து உத்தரவு கொடுக்கலாம். அதிகபட்சக் கடினத்தில் மட்டும் அந்த வசதியைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு ஆட்டத்தைக் கிட்டே காட்டுகிறேன். 2011-இல் வந்த 'ஷோகன் 2'. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பான், பல குலங்கள், கியோட்டோவைப் பிடித்து ஷோகன் ஆவதுதான் இலக்கு. ஷிகோகு தீவில் இருக்கும் சோசோகாபே குலத்தை எடுத்தேன். வில்லுக்குப் பேர்போன குலம். நாலு பக்கமும் கடல் என்பதால் ஆரம்பம் லேசு. தீவை முழுசாகப் பிடித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த குலத்தோடு வணிக ஒப்பந்தம் போட்டு, மூத்த மகனுக்கு அங்கிருந்து பெண் எடுத்து, கூட்டணியும் வைத்தேன். அதன்பின் ஆட்டத்தில் இருபது முறை கடந்தும் அந்தக் கரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு எதிரே இருந்த என் கோட்டையில் பெயருக்கு மூன்று பிரிவு ஈட்டிக்காரர்களும் இரண்டு பிரிவு வில்லாளிகளும்தான்.

இந்தக் கேமில் புகழ் என்று ஒரு அளவுகோல் உண்டு. ஊர்களைப் பிடிக்கப் பிடிக்க, சண்டைகளில் ஜெயிக்க ஜெயிக்க அது ஏறும். உச்சியைத் தொட்டதும் இப்போதைய ஷோகன் உங்களை நாட்டுக்கே எதிரி என்று அறிவிப்பார். அதற்கு 'ரெல்ம் டிவைட்' என்று பெயர். அன்றிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் எல்லாக் குலங்களின் வெறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். சம்பந்தி குலத்தின் உறவுப் பட்டியலைத் தினமும் திறந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு இத்தனை நல்லெண்ணம், வணிகத்துக்கு இத்தனை, நீண்ட கூட்டணிக்கு இத்தனை என்று பச்சை எண்கள் வரிசையாக இருக்க, அடியில் ஒரே ஒரு சிவப்பு எண் மட்டும் முறைக்கு முறை வளர்ந்துகொண்டிருந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறையில் மொத்தக் கணக்கும் சிவப்பாயிற்று. அடுத்த முறையில் அந்தக் கோட்டை முன்னால் அவர்கள் சேனை நின்றது.

தானாகத் தீர்த்துக்கொள் என்ற பட்டனை அழுத்தினால் தோல்வி என்று கேம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. களத்தில் இறங்கினேன். ஈட்டிக்காரர்களை மதில் ஓரத்தில் நிறுத்தினால் கீழிருந்து வரும் அம்பில் கரைவார்கள். அதனால் மதிலை வில்லாளிகளிடம் விட்டு, ஈட்டிகளை உள்ளே தள்ளி, எதிரி ஏறி இறங்கும் இடத்தில் ஈட்டிச் சுவராக நிற்க வைத்தேன். மதில் ஏறும்போதே களைத்துப்போய் இரண்டிரண்டு பேராகக் குதித்தவர்களை அந்தச் சுவர் வாங்கிக்கொண்டது. கடைசியில் என் பக்கம் எழுபதோ எண்பதோ பேர் நின்றார்கள். கோட்டை தப்பியது. அந்த வெற்றியால் அவர்கள் சேனை அழிந்து, அந்தக் கரை திறந்துகொண்டது. தூது தோற்றதால் போர் வந்தது, போர் ஜெயித்ததால் வரைபடம் மாறியது. முதல் கல்யாணத்திலிருந்து கடைசி அம்பு வரை ஒரே கயிறு. அந்த இரவு எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் டோட்டல் வார் என்ற பெயர் இருந்தாலே இப்படி இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கயிறு ஒவ்வொரு மாதிரி. 2004-இல் வந்த 'ரோம்', 2006-இல் வந்த 'மெடீவல் 2' இரண்டிலும் தூதன் என்று ஒரு ஆளை வரைபடத்தில் நடத்திக் கொண்டுபோக வேண்டும். ஐரோப்பாவின் மறுகோடி ராஜாவோடு பேச வேண்டுமானால் தூதன் அங்கே போய்ச் சேரப் பல முறை ஆகும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு மிகவும் பிடித்தது, தூரம் என்றால் என்ன என்று புரிய வைத்தது. 'மெடீவல் 2'-இல் போப்பாண்டவர் உண்டு. கத்தோலிக்க நாடு இன்னொரு கத்தோலிக்க நாட்டைத் தாக்கினால் நிறுத்து என்று ஆணை வரும். மீறினால் திருச்சபையிலிருந்து விலக்குவார்; அதன்பிறகு உங்கள் நகரத்தின் மேலேயே சிலுவைப் போர் அறிவிக்கப்படலாம். களத்தில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ரோமாபுரி வரை கேட்கிறது. இருபது வயதை நெருங்கும் கேம், உருவங்கள் பழசு, ஆனாலும் முடிச்சு இன்னும் உறுதி.

2009-இல் வந்த 'எம்பயர்' நம் பக்கத்து மக்களுக்குத் தனி ஆர்வம் தரும். 1700-இல் தொடங்குகிறது; ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று மூன்று பெரிய அரங்குகள். மராட்டியரை எடுத்து முகலாயரோடு போரில் இருக்கும் நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கலாம். கோவாவில் போர்ச்சுக்கீசியர், இலங்கையில் டச்சுக்காரர். சரி, இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இலங்கை முழுவதையும் ஒரே பிரதேசமாக வைத்து டச்சுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அப்போது கரையோரம்தான் டச்சுக்காரரிடம் இருந்தது. மலைநாட்டில் கண்டி ராஜ்யம் தனியாக நின்றது, 1815 வரை நின்றது. கரையை வைத்திருப்பவனும் மலையை வைத்திருப்பவனும் நூற்றைம்பது வருடம் ஒருவரையொருவர் சமாளித்த கதை எவ்வளவு நல்ல ராஜதந்திர ஆட்டமாக வந்திருக்கும்! இன்னொரு பெரிய குறையும் அந்தக் கேமுக்கு இருந்தது. வெளியான புதிதில் கணினி ஆளும் நாடுகளுக்குக் கடல் வழியாகப் படை இறக்கத் தெரியாது. கடல் தாண்டிய பேரரசுகளைப் பற்றிய கேமில் பிரிட்டனை எடுத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்றால் பேச்சுவார்த்தைக்கே அவசியம் இல்லாமல் போகிறது. பிறகு வந்த திருத்தத்தில் சரி செய்தார்கள். எதிரிக்கு என்ன செய்யத் தெரியும் என்பதைப் பொறுத்துத்தான் நம் தூதுக்கு மதிப்பு.

இந்த வரிசையில் பேச்சுவார்த்தை மிக நன்றாக அமைந்தது 2019-இல் வந்த 'த்ரீ கிங்டம்ஸ்'. கி.பி. 190 வாக்கில் ஹான் பேரரசு உடையும் சீனா. ஒரு ஒப்பந்தத்தை முன்வைத்தால் எதிராளி அதை எவ்வளவு மதிக்கிறார் என்று எண்ணாகவே காட்டும். இது போதாது என்றால் என்ன சேர்த்தால் ஒத்துக்கொள்வாய் என்று கேட்கலாம். உணவு, நிலம், குதிரை, வாள்கூடக் கொடுக்கலாம் வாங்கலாம். தளபதிகளுக்குள் நட்பும் பகையும் உண்டு. மனம் கசந்த தளபதி உங்களை விட்டு எதிரியிடம் போவார். களத்தில் அவரையே மறுபடி சந்திக்கும்போது வரும் உணர்ச்சியை வேறு எந்தப் பாகமும் எனக்குத் தரவில்லை. 2021-இல் நிறுவனம் இந்தக் கேமுக்கான புதிய வேலைகளை நிறுத்திக்கொண்டது. ஆடியவர்களுக்குக் கடும் கோபம். ஆனாலும் இருக்கும் நிலையிலேயே வாங்கத் தகுந்தது என்பேன். வார்ஹாமர் பாகங்கள் (2016, 2017, 2022) களத்துக்காக ஆட வேண்டியவை; டிராகனும் பூதமும் மோதுவதைப் பார்க்கக் கண் கூசும். பேச்சுவார்த்தை அதில் இரண்டாம் பந்திதான்.

அடுத்த விடை ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. பாரடாக்ஸ் நிறுவனம் ஒரே கடிகாரம் போதும் என்றது. நாள் நாளாக ஓடும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' (2013) ஆட்டத்தில் அடுத்தவன் நிலத்தை அவசர அவசரமாக விழுங்கினால் சுற்றியிருக்கும் நாடுகள் பயந்துபோய் ஒன்று சேர்ந்து உங்களுக்கு எதிராகக் கூட்டணி கட்டும். போர் தொடுக்கக் காரணம் வேண்டும், சமாதானம் ஆனபின் குறிப்பிட்ட வருடங்கள் பொறுக்க வேண்டும், முறித்தால் நாடே ஆட்டம் காணும். சாம தான பேத தண்டம் நான்கையும் வரிசையாகப் பழக வேண்டுமானால் இதைவிடப் பள்ளிக்கூடம் கிடையாது. 1444 நவம்பர் 11-இல் தொடங்குவதால் விஜயநகரத்தை எடுத்து பாமினி சுல்தானகத்தோடு மோதலாம். 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் 1337-இலிருந்து தொடங்குகிறது.

ஆனால் இதில் களம் கிடையாது. இதை வாங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இரண்டு படைகள் சந்தித்தால் உருவங்கள் நின்று வெட்டிக்கொள்ளும்; உள்ளே பகடை உருளும், தளபதியின் திறமையும் நிலமும் கூட்டிக் கழிக்கப்படும். உங்கள் வேலை யாரை, எங்கே, எப்போது மோத விடுவது என்பதோடு முடிந்துவிடும். சித்தி பையன் கேட்ட 'நானே நிறுத்தணும்' இங்கே நடக்காது. 'ரியல் டைம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கி, முதல் போரிலேயே வெறுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். ரியல் டைம் என்றால் கடிகாரம் ஓடுகிறது என்றுதான் பொருள். படை உங்கள் கையில் என்று பொருள் இல்லை.

அதே நிறுவனத்தின் 'க்ரூசேடர் கிங்ஸ் 3' (2020) பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல ஆசை. இதில் நீங்கள் நாடு இல்லை, ஒரு மனிதர். செத்தால் வாரிசாக மாறுவீர்கள். ராஜதந்திரம் முழுக்கக் கல்யாணத்திலும் பிள்ளைகளிலும் நடக்கிறது. 1066-ஐத் தேர்ந்தெடுத்தால் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சோழ நாட்டை எடுக்கலாம். அந்த ஆண்டை நம் சரித்திரத்தோடு வைத்துப் பாருங்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்டான்; தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அந்தக் களத்திலேயே முடி சூடினான். வீரராஜேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்துப் பரம்பரைப் பகையில் ஒரு பிளவை உண்டாக்கினான். 1070-இல் அவன் மகன் அதிராஜேந்திரன் கொஞ்ச நாளிலேயே போனதும், முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை வயிற்றுப் பிள்ளையான வேங்கி இளவரசன் வந்து குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறினான். ஒரு பெண் கொடுத்த உறவு, ஒரு தலைமுறை கழித்துப் பேரரசையே வாங்கித் தந்தது. இந்தக் கேம் உருவாக்கப் பார்ப்பது இதே வகைச் சங்கிலியைத்தான். கொப்பத்துக் களத்தை அது உங்கள் கையில் தராது. கொப்பத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததை எல்லாம் தரும்.

சோழர் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7'-இல் சோழர் ஒரு நாகரிகமாகவே இருக்கிறார்கள். ஆனால் அது முழுக்க முறை வைத்து ஆடுவது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 2022-இல் வந்த இந்தியத் தொகுப்பில் திராவிடர் என்ற பிரிவும், ராஜேந்திரனின் படையெடுப்பைச் சொல்லும் கதை ஆட்டமும், சுருள்வாள் வீரனும், திரிசடைக் கப்பலும் உண்டு. அது தலைகீழ்: போர் முழுக்க உங்கள் கையில், பேச்சுவார்த்தை என்பது நண்பன் எதிரி என்று மாற்றிக்கொள்வதும் தங்கம் முதலியவற்றை அனுப்புவதும் மட்டும்.

மூன்றாவது விடை எல்லாவற்றையும் ஒரே களத்தில் போட்டு, கடிகாரத்தையும் ஓட விடுவது. இது கத்தி மேல் நடக்கிற வேலை. 2008-இல் கனடாவின் அயர்ன்கிளாட் செய்த 'சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்' இதில் முன்னோடி. நட்சத்திரங்களும் கிரகங்களும் பாதைகளால் இணைந்திருக்கும். கிரகத்தை வளர்ப்பது, ஆராய்ச்சி, கப்பற்படைப் போர் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். தலை சுற்றாமல் இருக்கத் திரையின் ஓரத்தில் உங்கள் கிரகங்களும் கப்பல்களும் கொடி மாதிரி கிளைத்து ஒரு பட்டியலாக நிற்கும். எங்கே தீப்பிடித்தாலும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். போர்கள் நிதானமாக, பல நிமிடம் நடப்பதால் நடுவில் மற்ற வேலை பார்க்க நேரம் கிடைக்கும். வேகத்தைக் குறைத்தே மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கேமில் கடற்கொள்ளையர் ஏலம் என்று ஒன்று உண்டு, பேச்சும் போரும் சேரும் இடத்துக்கு நான் கண்ட நல்ல உதாரணங்களில் ஒன்று. யார் தலைக்கு அதிகப் பரிசு இருக்கிறதோ அவர் மேல்தான் கொள்ளையர் அடுத்துப் பாய்வார்கள். எல்லோரும் அடுத்தவர் தலைக்குப் பணம் வைத்துக்கொண்டே இருக்கலாம். கடைசிப் பத்து நொடியில் நான்கு நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏலத்தை ஏற்றுவதும், கூட்டாளி என்று நம்பியவன் கடைசி நொடியில் உங்கள் பெயரில் பணம் கட்டுவதும் அந்தக் கேம் ஆடியவர்களுக்கு மறக்காது. ஒரு வார்த்தை பேசாமல் நடக்கும் ராஜதந்திரம். இரண்டாம் பாகம் 2024-இல், இணையத்தில் கணினி கேம் விற்கும் கடையான ஸ்டீமுக்கு வந்தது.

இதே வகையில் 2003-இன் 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்', வாக்கெடுப்பு மன்றம் வைத்திருக்கும் 'டியூன்: ஸ்பைஸ் வார்ஸ்' இரண்டையும் சொல்லலாம். ஆனால் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது பல்கேரியாவில் 2004-இல் உருவான 'நைட்ஸ் ஆஃப் ஹானர்'. அதே நாட்டுக்காரர்கள் 2022 டிசம்பரில் இரண்டாம் பாகம் வெளியிட்டார்கள். உங்கள் சபையில் ஒன்பது இருக்கைகள்தான். தளபதியா, வணிகனா, மதகுருவா, ஒற்றனா, யாரை உட்கார வைப்பது என்பதே ஆட்சி. ஒற்றனை எதிரி நாட்டுக்கு அனுப்பினால், எதிரி ராஜா அவனையே தன் வீரனாகச் சபையில் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அவர் படையை உங்கள் ஆள் நடத்துவான். மூன்றையும் சின்ன அளவில், ஒரு மாலையில் புரிந்துகொள்ளும்படி வேண்டுமென்றால் நான் இதைச் சொல்வேன்.

துருக்கியின் அங்காராவில் இருக்கும் டேல்வேர்ல்ட்ஸ் கேள்வியையே மாற்றிப் போட்டது. 'மவுன்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' 2020-இல் முன்னோட்டமாக வந்து 2022 அக்டோபரில் முழுமையானது. மேலே நின்று படையைப் பார்ப்பதில்லை. நீங்களே குதிரை மேல் வாளோடு நிற்கிறீர்கள். தூசியில் இடது அணி என்ன ஆயிற்று என்றே தெரியாது. ஒரு அரசனிடம் குறுநில மன்னனாகச் சேர்ந்தால் போரா சமாதானமா என்பது சபையின் ஓட்டில் முடிவாகும். செல்வாக்கைச் செலவழித்துத்தான் உங்கள் பக்கம் இழுக்க முடியும். வேண்டாத போருக்கு ஓட்டில் தோற்று, மறுநாள் அதே போரில் முன்னணியில் நிற்க வேண்டி வந்த அனுபவம் எனக்கு உண்டு. நாட்டை வளர்க்கும் பகுதி மட்டும் மெலிசு. ஊர் கட்டுவதில் ஆசை உள்ளவருக்கு இது வேண்டாம்.

வாங்கும் நேரத்துக் கணக்குகளும் இருக்கின்றன. சித்தி பையனுடையது காலேஜுக்கு வாங்கிய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. புதிய டோட்டல் வார் களத்தில் ஆயிரக்கணக்கான உருவங்களை அது தாங்காது. பாரடாக்ஸ் கேம்களுக்குப் படம் வரைவது பெரிய சுமை இல்லை, கணக்குப் போடுவதுதான் சுமை. ஆட்டம் முந்நூறு வருடம் போனபின் நாட்கள் ஊர்ந்து நகரும். 'ரோம்', 'மெடீவல் 2', 'எம்பயர்' மூன்றையும் ஃபெரல் நிறுவனம் மொபைலுக்கே கொண்டுவந்துவிட்டது. ஓரளவு நல்ல போனில் முழு ஆட்டமும் ஓடும், விரலால் படை நிறுத்துவது கொஞ்சம் பழக வேண்டும்.

அப்புறம், கேமுக்கு மேல் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்புகள். பாரடாக்ஸ் கேம்களின் அடிப்படை விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பத்து வருடமாகச் சேர்ந்த தொகுப்புகளை எல்லாம் வாங்கினால் அடிப்படை விலை ஒரு மூலைக்குக் காணாது. அடிப்படையை மட்டும் தள்ளுபடியில் வாங்கி ஐம்பது மணி நேரம் ஆடிவிட்டு, எது குறைகிறது என்று உங்களுக்கே தோன்றும்போது அதை மட்டும் வாங்குங்கள். வெளியான நாளில் வாங்குவதும் இந்த வகையில் நல்லதில்லை. 2013-இல் 'ரோம் 2' எத்தனையோ கோளாறுகளோடு வந்தது. அடுத்த வருடம் இலவசமாக வந்த 'எம்பரர் எடிஷன்' திருத்தத்துக்குப் பிறகுதான் நிம்மதியாக ஆட முடிந்தது.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பயிற்சி ஆட்டத்தை முடிக்க உட்காராதீர்கள். நேராக ஆட்டத்தைத் தொடங்கி, பக்கத்து நாட்டிடம் அவருக்கு நல்லதும் உங்களுக்கு நல்லதுமான ஒரு ஒப்பந்தம் கேளுங்கள். ஏன் மறுத்தார், ஏன் ஏற்றார் என்று கேம் காரணம் காட்டுகிறதா பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் பேச்சுவார்த்தை வெறும் குலுக்கல் சீட்டு. பிறகு ஒரு சின்னச் சண்டைக்கு முன்னால் சேவ் செய்து, களத்தில் இறங்கி நீங்களே நடத்துங்கள். சேவை மறுபடி திறந்து அதே சண்டையைத் தானாகத் தீர்க்க விடுங்கள். இரண்டு முடிவுகளிலும் இழப்பு கிட்டத்தட்ட ஒன்று என்றால் முப்பதாவது மணி நேரத்தில் நீங்கள் களத்தில் இறங்குவதையே விட்டுவிடுவீர்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், சண்டை முடிந்த கையோடு வரைபடத்துக்குத் திரும்பி, காலையில் உங்களை மறுத்த அதே பக்கத்து நாட்டிடம் அதே ஒப்பந்தத்தை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். சித்தி பையனும் அப்படித்தான் செய்தான். 'ஷோகன் 2', மூன்று பிரிவு ஈட்டிக்காரர்களோடு ஜெயித்த ஒரு ஆற்றங்கரைச் சண்டை. முதலில் வணிகத்துக்கே மறுத்த குலம், சண்டை முடிந்ததும் ஒத்துக்கொண்டு மேலே பணமும் கொடுத்ததாம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.